மூன்றாவது கம்பம்

பயிற்சி வண்டியில் பிரேக் இரண்டு. ஒன்று ஓட்டக் கற்றுக்கொள்கிறவரின் காலடியில் இருக்கும். பதற்றத்தில் அவர் அப்படி ஒன்று இருப்பதையே மறந்துவிடுவார் என்பதால், சொல்லிக்கொடுப்பவரின் காலடியில் இன்னொன்று இருக்கும். அந்த இன்னொன்றின் மேல் காலை வைத்தபடியே பாதி ஆயுளைக் கழித்ததால் அவருக்குப் பிரேக் அக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்றும் உண்டு. அது ஓட்டுநர் உரிமத்தில் கசங்காமல் இருக்கிறது. வெளியே எடுத்து யாரும் புழங்கியதில்லை.

பழகிய கால் வேலை முடிந்ததும் சும்மா இருக்குமா? வீட்டுக்கும் கூடவே வரும். மகள் சாப்பாட்டு மேசையில் பிடிக்காத பேச்சு எதையாவது எடுத்தால், மேசைக்கு அடியில் அக்காவின் வலது கால் தரையை ஓங்கி ஒரு மிதி மிதிக்கும். தட்டுகள் அதிரும்.

“அம்மா, நான் வண்டி இல்ல,” என்பாள் மகள்.

“வண்டியா இருந்தா இந்நேரம் நின்னிருக்குமே.”

அவர்கள் இருந்த புறநகர், ரயில் பாதையின் கடைசி நிலையம். இதற்கு மேல் போக ரயிலுக்கே அலுத்துப்போன இடம் என்று வைத்துக்கொள்ளலாம். ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதிய பரீட்சைத் தாள் மாதிரி வரிசை வரிசையாக வீடுகள். நிலையத்துக்கு எதிரே ஒரு வரிசைக் கடைகள். அவற்றுக்கு முன்னால், வண்டி நிறுத்துவதற்கென்று ஏரி போலப் பரந்த ஒரு திடல். அதைப் போட்ட மகராசன், உலகமே வண்டியில் வந்து இங்கேதான் ரயிலேறப் போகிறது என்று நினைத்திருக்க வேண்டும். எந்தக் காலத்திலும் பாதித் திடல் நிறைந்ததில்லை. வெடிப்புகளில் புல் முளைத்துக் கிடந்தது.

அக்கா இளவயதில் ரொட்டி கம்பெனியில் பொட்டலம் கட்டியவர். வேனில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போய், கடை கடையாக இறங்கி ரொட்டித் தட்டுகளைக் கொடுப்பதும் அவர் வேலைதான். ஒருநாள் பாதி வழியில் ஓட்டுநருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. குனியவும் முடியாமல் நிமிரவும் முடியாமல் கிடந்தவரைத் தட்டுகளோடு தட்டாகப் பின்னால் கிடத்திவிட்டு, அக்கா ஸ்டியரிங்கைப் பிடித்தார். அத்தனை நாளும் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. மனிதரின் கால்கள் என்ன செய்கின்றன என்று பார்த்துக்கொண்டே வந்திருந்தார். ரொட்டி எல்லாம் போய்ச் சேர்ந்தது. கொஞ்சம் நசுங்கிப் போய்ச் சேர்ந்தது. ஓட்டுநரும் அப்படியே.

பிறகு கல்யாணம், மகள், அந்தக் கடைசி நிலையத்தில் ஒரு வீடு. கணவர் தினமும் ரயிலில் வேலைக்குப் போனவர். ஒருநாள் திரும்பும் ரயிலில் அவர் வரவில்லை. சாகவில்லை, காணாமலும் போகவில்லை. வேறொரு நிலையத்தில் இறங்கிவிட்டார், அவ்வளவுதான். அக்கா ஒரு வாரம் அழுதார். அதற்கு அடுத்த வாரம் பழைய கார் ஒன்றைப் பிடித்து, பக்கத்து இருக்கைக்கு அடியில் இரண்டாவது பிரேக்கை வைத்து, கடை வரிசையில் தையல்காரர் கடைக்கு அடுத்த ஒற்றை அறையில் ஓட்டுநர் பள்ளி என்று பலகை மாட்டினார்.

முதலில் வந்தவர்கள் எல்லாரும் அக்கம்பக்கத்துப் பெண்கள். அவர்களுக்கு ஒரு சிக்கல் இருந்தது. வீட்டுக்காரர் காலையில் காரை எடுத்துக்கொண்டு நிலையத்துக்கு வருவார், திடலில் நிறுத்துவார், ரயிலேறிப் போய்விடுவார். கார் சாயங்காலம் வரை வெயிலில் சும்மா காயும். வீட்டில் இருப்பவளுக்குக் கடைக்குப் போகக்கூட வண்டி கிடையாது. “ஓட்டக் கத்துக்கறேன்” என்றால், “உனக்கெதுக்கு?” என்று பதில் வரும்.

“வீட்ல இன்னொரு சாவி இருக்குமே?” என்று கேட்டார் அக்கா.

இருந்தது. எல்லா வீட்டிலும் இருந்தது.

அக்காவின் வண்டியில் கற்றுக்கொண்டவர்கள் பகலில் வீட்டுக்காரரின் காரையே எடுத்துக்கொண்டு போனார்கள். போவது பெரிய காரியமில்லை. சாயங்கால ரயில் வருவதற்குள் அதே இடத்தில், அதே கோணத்தில், கோடு பிசகாமல் கொண்டுவந்து வைக்க வேண்டும். அதற்குத்தான் அக்கா ஒரு முறையைக் கண்டுபிடித்தார். வண்டியைப் பின்னால் எடுக்கும்போது பக்கக் கண்ணாடியில் மூன்றாவது விளக்குக் கம்பம் தெரிந்ததும் ஸ்டியரிங்கை முழுசாக ஒடிக்க வேண்டும். தையல்காரர் பலகையில் வரைந்திருக்கும் கத்திரிக்கோல் ஜன்னலுக்கு நேரே வந்ததும் நேராக்க வேண்டும். தண்ணீர்த் தொட்டி கூரைக்குப் பின்னால் மறைந்ததும் நிறுத்த வேண்டும். ஒவ்வொரு காருக்கும் ஒவ்வொரு கணக்கு. ஆனால் எல்லாக் கணக்கிலும் மூன்றாவது கம்பம் உண்டு.

ஒருத்தருக்குக்கூடச் சந்தேகம் வரவில்லை. ஒரே ஒரு வீட்டுக்காரர் மட்டும், தன் இருக்கை தினமும் தானாகவே முன்னால் நகர்ந்துவிடுகிறது என்று மெக்கானிக்கிடம் போனார். மெக்கானிக்கின் மனைவியும் அக்காவிடம் படித்தவள்தான். “இந்த மாடல்ல அது ஒரு வியாதி சார்,” என்று சொல்லி அனுப்பிவிட்டார் மெக்கானிக்.

காலம் மாறியது. ஒளித்து ஓட்டியவர்கள் வெளிப்படையாக ஓட்டினார்கள், அவர்களின் பிள்ளைகளும் படிக்க வந்தார்கள். அது ஒரு காலத்துக் கள்ளத்தனம் என்பது எல்லாருக்கும் மறந்துபோய், அதுவே பாடம் ஆகிவிட்டது. உரிமம் கொடுக்கும் தேர்வாளரும், இவ்வளவு பெரிய இடம் வேறெங்கும் இல்லை என்று திடலுக்கே வந்து தேர்வு வைத்தார். மூன்றாவது கம்பமும் அங்கேயேதான் நின்றது. அதனால் குட்டு வெளிப்படவே இல்லை.

அந்தப் பாடம் முழுவதையும் பின்சீட்டில் உட்கார்ந்து கேட்டு வளர்ந்தவள் மகள். பிள்ளையை விட்டுவிட்டுப் போக வீட்டில் ஆள் இல்லை. பின்சீட்டிலேயே படித்தாள், பின்சீட்டிலேயே தூங்கினாள். கிளட்ச் என்ற சொல்லைச் சொன்ன பிறகுதான் சாக்லேட் என்ற சொல்லைச் சொன்னாள் என்பார்கள். ஆனால் அவள் மட்டும் ஓட்டக் கற்றுக்கொள்ளவில்லை. கேட்டால், “வீட்ல ஒருத்தர் போதும் சண்டை போட,” என்பாள்.

பிறகுதான் அந்தச் செய்தி வந்தது. கடைசி நிலையம் இனிமேல் கடைசி இல்லை. இன்னொரு பாதை வந்து சேரப் போகிறது. நிலையத்தின் மேல் கடைகள், கடைகளின் மேல் அலுவலகங்கள், அவற்றின் மேல் வீடுகள் என்று அடுக்கப் போகிறார்கள். கீழே இறங்கினால் ரயில், மேலே ஏறினால் வீடு. ஒரு கம்பெனி வந்து சுற்றிலும் தகரம் அடித்து, தகரம் முழுக்கச் சிரித்த முகங்களாக ஒட்டியது. சிரிப்புகளுக்குக் கீழே எழுதியிருந்தது: ‘இங்கேயே வாழுங்கள். இங்கேயே வேலை செய்யுங்கள். காரை மறந்துவிடுங்கள்.’

அக்கா அதைக் காருக்குள் உட்கார்ந்தபடி படித்தார். வலது கால் ஒரு மிதி மிதித்தது. வண்டி ஏற்கெனவே நின்றுதான் இருந்தது.

கம்பெனியின் விற்பனைக் கூடத்தில் மகளுக்கு வேலை கிடைத்தது. கோட்டு, கழுத்தில் அட்டை, கையில் சிவப்புப் புள்ளி காட்டும் விளக்கு. அன்றைக்கு மேசைக்கு அடியில் நடந்த மிதியில் ஒரு கிண்ணம் கவிழ்ந்தது.

“என்னம்மா தப்பு? பக்கத்து வீட்டுத் தாத்தா ஆஸ்பத்திரிக்குப் போக ரெண்டு பஸ் மாறி, அரைநாள் ஆகுது. இனிமே ஒரே ரயில். உனக்கே முட்டி வலிக்குது. எத்தன நாளைக்கு கிளட்ச மிதிப்ப?”

“ரயில் வரட்டும். வேண்டாம்னு நான் எங்கடீ சொன்னேன்? ரயில் தண்டவாளம் போற பக்கம் போகும். நீ சொல்ற பக்கம் போகுமா?”

“இங்கயே எல்லாம் இருந்தா எதுக்கும்மா வேற பக்கம் போகணும்?”

“இதையேதான் அந்தக் காலத்துல வீட்டுக்காருங்க சொன்னாங்க.”

மகள் எழுந்தாள். சாப்பிட்ட தட்டைக் கழுவப் போய்விட்டாள். கொஞ்சம் ரொம்ப நேரமே கழுவினாள்.

கடை வரிசையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக ஒத்துக்கொண்டார்கள். தையல்காரருக்குப் புதுக் கட்டடத்தில், ஏறி இறங்கும் படிக்கட்டுக்குப் பக்கத்தில் ஓர் இடம் தருவதாகச் சொன்னார்கள். அக்காவிடம் பேச மேலாளரே வந்தார். ஒல்லியான, மரியாதையான மனிதர். யார் என்ன சொன்னாலும் “புரியுது” என்று தலையாட்டிவிட்டு, தான் முதலில் சொன்னதையே திரும்பச் சொல்வார். அதனால் ஊரில் அவருக்குப் ‘புரியுது சார்’ என்று பெயர்.

“பெரிய ரோட்டைத் தாண்டி உங்களுக்கு ஒரு இடம் தர்றோம் மேடம்.”

“அங்க யார் வருவா? வர்றதுக்கே வண்டி ஓட்டத் தெரியணும்.”

“புரியுது. இல்லன்னா உள்ளேயே ஒரு சின்ன அறை. அதுல ஒரு திரை, ஒரு பொம்மை ஸ்டியரிங். ஓட்டற மாதிரியே இருக்கும்.”

“இடிச்சா?”

“இடிக்காது மேடம். அதுதான் அதோட சிறப்பு.”

“அப்போ பயம் எங்கிருந்து வரும்? பயம் வராம பிரேக்கு எப்படி வரும்?”

“புரியுது,” என்றார் புரியுது சார். அடுத்த மாதம் கடை வரிசையை இடித்தார்கள். அக்கா தன் பலகையைக் கழற்றிக்கொண்டு வந்து, அதிலிருந்த எழுத்தை அப்படியே கார்க் கதவில் எழுத வைத்தார். “அறையை இடிச்சீங்க. சக்கரம் வெச்சதை எப்படி இடிப்பீங்கன்னு பாக்கறேன்,” என்று எதிரில் நின்ற புல்டோசரிடம் சொன்னார். புல்டோசர்க்காரர் அக்காவிடம் படித்தவர். வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

திடலையும் தோண்டினார்கள். மூன்றாவது கம்பத்தைப் பிடுங்கி லாரியில் போட்டுக்கொண்டு போனார்கள்.

இடி அங்கே விழவில்லை. தேர்வு நடந்த இடத்தில் விழுந்தது. திடல் போய்விட்டதால் தேர்வை உரிம அலுவலகத்தின் முற்றத்துக்கு மாற்றியிருந்தார்கள். அப்போது அக்காவிடம் கற்றுக்கொண்டிருந்தவள் ஒரு நர்ஸ். இரவு வேலை முடித்து வரும் நேரத்தில் எந்த ரயிலும் கிடையாது, புது ரயிலும் கிடையாது. அவள் கியர் போட்டால் வெண்ணெயில் கத்தி இறங்குவது போல இருக்கும். அப்படிப்பட்டவள் முற்றத்தில் வண்டியைப் பின்னால் எடுக்கச் சொன்னதும், கண்ணாடியைப் பார்த்தபடி சிலையாக உட்கார்ந்துவிட்டாள்.

“என்னம்மா தேடறீங்க?” என்று கேட்டார் தேர்வாளர்.

“கம்பம் சார்.”

“எந்தக் கம்பம்?”

“மூணாவது.”

முற்றத்தில் முதல் கம்பமே இல்லை. அடுத்து வந்த இரண்டு பேரும் கத்திரிக்கோலைத் தேடினார்கள். மூவரும் தோற்றார்கள். தேர்வாளர் அக்காவைத் தனியே கூப்பிட்டு, “உங்க ஆளுங்க ஓட்டறது அழகு. நிறுத்தறதுக்கு மட்டும் உங்க ஊரையே பேத்துக் கொண்டுவரணும் போலிருக்கே,” என்றார்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே கூடத்தையே தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். திரும்பி வரும் வழியெல்லாம் அக்கா ஓரத்தில் நின்ற வண்டிகளையே பார்த்துக்கொண்டு வந்தார். இத்தனை வருஷமாக அவர் ஓட்டக் கற்றுக்கொடுத்த ஊரில் பாதிப் பேருக்கு வண்டி நிறுத்தத் தெரியாது. ஒரே ஒரு கம்பத்துக்குப் பக்கத்தில் நிறுத்தத்தான் தெரியும். அந்த ஊர்க்காரர்கள் எங்கே போனாலும் இடம் தேடிச் சுற்றிச் சுற்றி வருவதற்கு இப்போதுதான் அவருக்குக் காரணம் தெரிந்தது.

“அக்கா, விட்டுடலாமா?” என்றாள் நர்ஸ்.

“எதை?”

“இல்ல, உங்களுக்கும் முட்டி வலின்னு...”

“நாளைக்குக் காலைல வா. கம்பம் வரும்.”

மறுநாள் கம்பம் வந்தது. இரண்டு காலில் நடந்து வந்தது.

கட்டடம் பாதி எழுந்திருந்தது. அதன் முன்னால், பழைய திடல் இருந்த இடத்தின் நடுவே ஒரு புதுச் சாலை போட்டு முடித்திருந்தார்கள். அகலமான சாலை, ஓரத்தில் வண்டி நிறுத்தக் கோடுகள், இன்னும் யாரும் குடிவராததால் ஈ காக்கை இல்லை. அக்கா அந்தச் சாலையின் ஓரத்தில் இறங்கி விறைப்பாக நின்றார். தையல்காரரைக் கூப்பிட்டுப் பக்கத்து இருக்கையில் உட்கார வைத்தார். அவரும் அக்காவிடம் படித்து உரிமம் வாங்கியவர்தான். ஆனால் பதறினால் காலுக்கும் கைக்கும் வித்தியாசம் தெரியாத மனிதர்.

“நான்தான் கம்பம். என்னைப் பார்த்து ஒடி,” என்று நர்ஸிடம் கத்தினார் அக்கா.

நர்ஸ் ஒடித்தாள். சரியாக வந்தது. அடுத்த முறை அக்கா நான்கு எட்டு தள்ளி நின்றார். வண்டியும் நான்கு எட்டு தள்ளிப்போய்க் கோணலாக நின்றது.

“அக்கா, கம்பம் நகருது.”

“நகரும். இனிமே நகர்ந்துட்டேதான் இருக்கும். கம்பத்தைப் பாக்காத. உன் வண்டி எங்க இருக்குன்னு பாரு.”

கட்டடக் காவலாளி ஓடி வந்தார். அவரும் பழைய மாணவர்தான். “அக்கா, இங்க நிக்கக் கூடாதாம்.”

“நான் எங்கடா நிக்கறேன்? கம்பம் நட்டிருக்கு. மேல எழுதிக் கேளு.”

காவலாளி தலையைச் சொறிந்துகொண்டு போனார். போகும்போது அந்தக் கம்பத்தைப் பார்த்துப் பாதி வணக்கமும் வைத்தார்.

இப்படியே போனது. அந்த வாரம் மகள் மூக்குக் கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டுப் போக, அதைக் கொடுக்க அக்கா முதல் தடவையாக விற்பனைக் கூடத்துக்குள் போனார். நடுவில் ஒரு பெரிய மேசை. அதன் மேல் வரப்போகும் ஊர், சின்னச் சின்னதாகச் செய்து வைக்கப்பட்டிருந்தது. தீப்பெட்டி அளவுக் கட்டடங்கள், நூல் மாதிரி ரயில், அரிசி அளவு மனிதர்கள். மகள் சிவப்புப் புள்ளியை அதன் மேல் ஓட்டியபடி, வந்தவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தாள்.

“செங்கல் நிறத்துல இருக்கறதெல்லாம் வளாகத்துக்குள்ள இருக்கற நடைபாதை. சாம்பல் நிறத்துல இருக்கறது வெளிய போட்டிருக்கற புதுச் சாலை. அது ஊர்ச் சாலை. இத்தன மாடிக்கு அனுமதி தரணும்னா ஒரு சாலையை ஊருக்கே குடுத்துடணும்னு நிபந்தனை. அதனால எல்லாருக்கும் திறந்தது, யாரும் அடைக்க முடியாது.”

அக்கா தன் கடை இருந்த இடத்தைத் தேடினார். அங்கே பஞ்சில் செய்த ஒரு மரம் நின்றது. மரத்தடியில் ஓர் அரிசி மனிதன் உட்கார்ந்து புத்தகம் படித்துக்கொண்டிருந்தான்.

“என் கடை மேல உக்காந்துட்டு என்ன படிக்கறான் இவன்?” என்றார் பக்கத்திலிருந்த புரியுது சாரிடம்.

“புரியுது மேடம். அது பசுமைப் பரப்பு.”

மறுநாள் அக்கா மகளுக்குச் சாப்பாடு கொடுக்கும் சாக்கில் மீண்டும் போனார். அவர் வெளியே வந்த பிறகு, சாம்பல் நிறச் சாலையின் நடுவே நகத்தளவு பொம்மைக் கார் ஒன்று நின்றது. கூரையில் சிவப்பு மையில் எல் என்று எழுதியிருந்தது. வீடு பார்க்க வந்த ஒரு குழந்தைதான் முதலில் கண்டுபிடித்துச் சிரித்தது. புரியுது சார் அதை எடுத்துக் குப்பையில் போட்டார்.

அடுத்த நாள் அது மறுபடியும் அங்கேயே நின்றது. எடுத்தார். அதற்கடுத்த நாளும் நின்றது, இந்தத் தடவை கோட்டுக்குள் ஒழுங்காக நிறுத்தப்பட்டிருந்தது. “உங்க அம்மாவை உள்ள விடாதீங்க,” என்றார் மகளிடம். “சரி சார்,” என்றாள் மகள். அக்காவோ முதல் காரை வைத்த அந்த நாளுக்குப் பிறகு கூடத்துப் பக்கமே போகவில்லை. கார் திரும்பத் திரும்ப முளைக்கிறது என்று காவலாளி சொல்லிக் கேட்டு, அக்காவுக்கே கொஞ்சம் திகிலாக இருந்தது.

பொறுமை இழந்த புரியுது சார் கடைசியில் வெளியே, அக்கா வண்டி பழக்கும் புதுச் சாலையின் ஓரத்தில் கம்பம் நட்டு ஒரு பலகை மாட்டினார்: ‘பயிற்சி வாகனங்களுக்கு அனுமதி இல்லை.’

அதை அக்கா இரண்டு தடவை படித்தார். மற்றதெல்லாம் போனபோது கோபம்தான் வந்தது. இப்போது பயம் வந்தது. இந்தச் சாலையும் போனால் நர்ஸுக்குத் தேர்வு இல்லை, கதவில் எழுதிய பள்ளிக்கு ஊரில் நிற்க ஓர் அடி மண் இல்லை. பெரிய ரோட்டைத் தாண்டிப் போய், வராத ஆட்களுக்காகக் காத்துக்கிடக்க வேண்டும். இரண்டு நாள் வண்டியை எடுக்கவில்லை. மேசைக்கு அடியில் கால் அசையவில்லை. மகள் வேண்டுமென்றே பிடிக்காத பேச்சாக எடுத்துப் பார்த்தாள். ம்ஹூம்.

“என்னம்மா, பிரேக் வேலை செய்யல?”

“சாப்பிடு.”

மகள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஏதோ பாடம் ஒப்பிப்பது போல, “சாம்பல் நிறம் ஊர்ச் சாலை. எல்லாருக்கும் திறந்தது. யாரும் அடைக்க முடியாது,” என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

அக்கா அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு தட்டுகள் அதிர்ந்தன.

விடுமுறை நாள் வந்தது. வீடு வாங்க வருகிறவர்களைக் கூட்டமாக அழைத்துச் சுற்றிக் காட்டும் நாள் அது. பலூன், குடை, குளிர்ந்த தண்ணீர் எல்லாம் வைத்திருந்தார்கள். அந்தக் கூட்டம் சாலையோரம் வந்து மேலே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், கதவில் பள்ளியின் பெயரும் கூரையில் எல் பலகையுமாக அக்காவின் கார் நத்தை வேகத்தில் பலகையைத் தாண்டி உள்ளே வந்தது. நர்ஸ் ஓட்டினாள். பக்கத்தில் தையல்காரர், கண்ணை மூடிக்கொண்டு. அக்கா நடந்தே வந்து, கம்பம் மாதிரி ஓரத்தில் நின்றார்.

புரியுது சார் வேகமாக வந்தார். குரலை மட்டும் உயர்த்தவில்லை. “மேடம், பலகை இருக்கு.”

“பாத்தேன். எழுத்து நல்லா இருக்கு.”

“இது வளாகத்தோட பாதை. விருந்தாளிங்க இருக்காங்க. தயவுசெஞ்சு வண்டியை எடுங்க.”

“ஊர்ச் சாலை சார் இது.”

“புரியுது. ஆனா இது வளாகத்தோட பாதை.”

கூட்டத்திலிருந்த ஒரு பெரியவர் திரும்பி, கையில் விளக்கோடு நின்ற மகளைப் பார்த்தார். “ஏம்மா, உள்ள மேசைகிட்ட நீதானே சொன்ன, சாம்பல் நிறம் ஊருக்குக் குடுத்ததுன்னு? அதை நம்பித்தானே நானே வந்தேன். எது நிஜம்?”

எல்லாரும் மகளைப் பார்த்தார்கள். புரியுது சாரும் பார்த்தார். அந்தப் பார்வையில் அவளுடைய கோட்டு, அட்டை, வேலை எல்லாம் இருந்தது. அக்காவுக்கு அது தெரிந்தது. சட்டென்று அவருடைய வலது கால் புதுக் கல்லின் மேல் ஓங்கி மிதித்தது.

“நீ உள்ள போடீ. இது எனக்கும் அவருக்கும்.”

“நான் வண்டி இல்லம்மா,” என்றாள் மகள்.

பிறகு பெரியவரிடம் திரும்பினாள். “நான் சொன்னதுதான் நிஜம் சார். இது ஊர்ச் சாலை. பலகைதான் தப்பு.” மேலாளரிடம், “நீங்கதான் சார் என்னை மனப்பாடம் பண்ணச் சொன்னீங்க. தினமும் சொல்லிச் சொல்லி எனக்கே நம்பிக்கை வந்துடுச்சு,” என்றாள்.

“இதை அப்பறம் பேசலாம். இப்போ வேலை நேரம்.”

“சாப்பாட்டு நேரம் சார்.” கோட்டைக் கழற்றி அக்காவின் கையில் கொடுத்தாள். கோட்டுப் பையில் என்னவோ கலகலத்தது. அக்கா கையை விட்டுப் பார்த்தார். நகத்தளவுக் கார்கள், ஒரு பிடி. எல்லாவற்றின் கூரையிலும் எல்.

அக்கா ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். “எத்தன வாங்கி வெச்சிருக்க?”

“அவரு எத்தன தடவை எடுப்பாருன்னு தெரியலையே.” மகள் காரின் கதவைத் திறந்தாள். “நர்ஸ் அக்கா, கொஞ்சம் நகருங்க. பயிற்சி உரிமம் நானும் வாங்கிட்டேன், போன வாரமே.”

நர்ஸ் பின்சீட்டுக்குப் போனாள். தையல்காரர் ஒரு கண்ணைத் திறந்து, யார் மாறியிருக்கிறார்கள் என்று பார்த்து, மறுபடி மூடிக்கொண்டார். மகள் ஸ்டியரிங்கைப் பிடித்தாள். வாழ்க்கை முழுவதும் பின்சீட்டிலிருந்து பார்த்த வண்டி, முன்னால் வந்ததும் அடையாளமே தெரியவில்லை. கிளட்சை விட்டாள். வண்டி ஒரு குதி குதித்து நின்றது. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். மறுபடி ஸ்டார்ட் செய்தாள். இந்த முறை நகர்ந்தது.

“அம்மா, எங்க ஒடிக்கணும்?”

அக்கா எப்போதும்போல விறைப்பாக நிற்கப் போனவர், பக்கத்தில் நிமிர்ந்து பார்த்தார். புது வண்ணம் பளபளக்க, சிமென்ட் காய்ந்து, உறுதியாக ஒரு கம்பம் நின்றது. கம்பெனியே தன் செலவில் நட்டுக்கொடுத்தது.

“அதோ, அனுமதி இல்லைன்னு ஒண்ணு தெரியுதா கண்ணாடில? அது வந்ததும் முழுசா ஒடி.”

மகள் வண்டியைப் பின்னால் எடுத்தாள். அக்காவின் காலடியில் பிரேக் இல்லை, வெறும் கல். இருக்கிற பிரேக்கின் மேல் இருந்தது கண்ணை மூடிய தையல்காரரின் கால். வண்டியின் பின்பக்கம், விருந்தாளி ஒருவர் நிறுத்தியிருந்த விலை உயர்ந்த காரை நோக்கிப் போனது. அக்கா காலைத் தூக்கினார். மிதிக்கவில்லை. தூக்கிய கால் தூக்கியபடி நின்றது. பலகை கண்ணாடிக்குள் வந்தது, மகள் ஒடித்தாள், சக்கரம் திரும்பியது, சக்கரம் ஓரக் கல்லில் லேசாக ஏறி இறங்கியது. நின்றது.

“கோணல்,” என்றார் அக்கா, காலைக் கீழே வைத்து.

“தெரியும்.”

“எடு. மறுபடி. இப்போ பலகையைப் பாக்காம.”

புரியுது சார் கொஞ்ச நேரம் பார்த்தார். “புரியுது,” என்றார். அதற்கு மேல் சொல்ல அவரிடம் ஒன்றும் இருக்கவில்லை. விருந்தாளிகளைத் தண்ணீர் குடிக்கக் கூட்டிப்போனார். பெரியவர் மட்டும் போகவில்லை. கார்க் கதவில் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, “எனக்கு இந்த வயசுல வருமா?” என்று அக்காவிடம் கேட்டார்.

“பயம் இருக்கா?”

“நிறைய.”

“அப்போ வரும்.”

மகளை விற்பனைக் கூடத்திலிருந்து எடுத்து, வீடு வாங்கியவர்களின் புகார்களைக் கேட்கும் மேசையில் போட்டார்கள். தண்டனை என்று நினைத்துத்தான் போட்டார்கள். வருகிறவர்கள் எல்லாரும் கத்துவார்கள். அம்மாவோடு வளர்ந்தவளுக்கு அது ஓய்வு மாதிரி. நர்ஸ் அடுத்த தேர்வில் எதையும் தேடாமல் நிறுத்திவிட்டு இறங்கினாள்.

பலகை இன்னும் அங்கேயேதான் நிற்கிறது. எடுத்தால் தப்பை ஒத்துக்கொண்டதாகிவிடும் என்று கம்பெனி எடுக்கவில்லை. அதைப் பார்த்து யாரும் நிற்பதுமில்லை. மாடிகளில் விளக்கெரிகிறது, ரயில் வருகிறது, கீழே நிறையப் பேர் நடக்கிறார்கள். அவர்களுக்கு நடுவே, கூரையில் எல் பலகையோடு ஒரு பழைய கார் பின்னால் வந்துகொண்டிருக்கும். ஓரத்தில் முட்டியைத் தேய்த்தபடி ஒரு பெண்மணி நிற்பார். புதிதாகக் குடிவந்தவர்கள் எரிச்சலோடு ஹாரன் அடித்தால், திரும்பிக்கூடப் பார்க்காமல் சொல்வார்:

“அடிங்க, அடிங்க. ஹாரன் நல்லா பழகியிருக்கீங்க. நிறுத்தப் பழகணும்னா நாளைக்குக் காலைல வாங்க.”